பத்தினி பாகமா, புத்திர பாகமா, சட்டப் பங்கா? பூர்வீகச் சொத்தைப் பிரிக்க நான்கு வழிகள்

மதுரை மாவட்டத்தில், மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் ஐந்து ஏக்கர் பூர்வீக நிலம், ஒரு கிணறு, ஊருக்குள் ஓர் ஓட்டு வீடு. பெரியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். முதல் மனைவி இறந்தபின் இரண்டாவதாக மணம் முடித்தவர் அவர். மூத்த தாரத்துக்கு ஒரே மகன். இளைய தாரத்துக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிடுகிறது.

மூத்த தாரத்து மகன் பத்தினி பாகம் கேட்கிறார். தாய்க்கு ஒரு கூறு என்று சொத்தை இரண்டாக வெட்ட வேண்டும், பாதி தனக்கு. ஐந்து ஏக்கரில் 250 சென்ட். இளையவர்கள் இருவரும் புத்திர பாகம் என்கிறார்கள். ஆண்பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு ஒரு பங்கு, அதாவது ஆளுக்கு ஏறக்குறைய 167 சென்ட். இரண்டுமே தென்னாட்டில் புழங்கிய வழக்கங்கள்தாம்; ஒரே சாதிக்குள் ஊருக்கு ஊர் மாறியதும் உண்டு. மகள் வாயைத் திறந்தால், "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்தாயிற்றே" என்று மூவரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகிவிடுகிறார்கள்.

சட்டத்தின் கணக்கு வேறு. இறந்தவரையும் நான்கு பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து கூறு, கூறுக்கு 100 சென்ட். இறந்தவரின் 100 சென்டை மனைவியும் நான்கு பிள்ளைகளும் ஐந்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, மகள் உட்பட ஒவ்வொரு பிள்ளைக்கும் 120 சென்ட், தாய்க்கு 20 சென்ட். அதே ஐந்து ஏக்கர் பெரியவர் தாமே சம்பாதித்து வாங்கியதாக இருந்தால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு 100 சென்ட்.

"எது சரி?" என்றுதான் கேள்விகள் வருகின்றன. பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது, "யார் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்பதுதான். ஏன் என்பதற்கு முதலில் கொஞ்சம் சட்டம்.

## வழக்கத்துக்கு இன்று எங்கே இடம்

ஒரு காலத்தில் வழக்கம்தான் ராஜா. 1868இல் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் சுவீகார (தத்து) வழக்கில், மதுரைக் கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையே தீர்ப்புச் சொன்ன, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாத்திர நூலின் வாசகத்தையும் விஞ்சும் என்றது. இந்திய நீதிமன்றங்கள் பல தலைமுறைகளாக மேற்கோள் காட்டிய தீர்ப்பு அது, நம் பக்கத்து வழக்கில் பிறந்தது.

1956 ஜூன் 17ஆம் தேதி அது தலைகீழானது. அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அந்தச் சட்டம் பேசும் எந்த விஷயத்திலும் பழைய வழக்கம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு திறந்த வாரிசுரிமையில் பத்தினி பாகம், மூத்தவனுக்குக் கூடுதல் கூறு, பெண்ணுக்குப் பங்கில்லை என்பவற்றை நீதிமன்றத்தில் வாதமாக வைத்து வெல்ல வழியில்லை.

பெண்கள் விஷயத்தில் மூன்று தேதிகள் முக்கியம். தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. மணமான ஆண்டு பற்றிய பேச்சே அதில் இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. "எனக்கு 1985இலேயே கல்யாணமாகிவிட்டது, எனக்குக் கிடையாதாம்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டு வரும் அக்காமார்கள் உண்டு. கிடைக்கும். 2004 டிசம்பர் 20க்கு முன்னரே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால், அல்லது சொத்து விற்கப்பட்டிருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

இன்னொரு குழப்பம். பாட்டன் சொத்தெல்லாம் பூர்வீகம் அல்ல. பாட்டனார் தாமே சம்பாதித்த சொத்தை, 1956க்குப் பிறகு அவர் இறந்ததால் மகன் அடைந்திருந்தால், அது அந்த மகனின் தனிச்சொத்து. பேரப்பிள்ளைக்கு அதில் பிறப்புரிமை இல்லை. சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் முட்டுகிறது. எனவே மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் பங்குக் கணக்குப் போட வேண்டாம்.

முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்தும் இல்லாமல், இரண்டாவது திருமணம் நடந்திருந்தால் கணக்கு மீண்டும் மாறும். அந்தப் பிள்ளைகளுக்குப் பூர்வீகத்தில் நேரடிப் பங்கில்லை, தந்தையின் கூறில் மட்டும் உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நம் மேலூர்க் கணக்கில் அப்படியானால் மூத்தவருக்கு 300 சென்ட், முதல் மனைவிக்கு 50, இளையவர்கள் மூவருக்கும் தலைக்கு 50. இரண்டாம் மனைவிக்கு ஒன்றுமில்லை. மூத்தவருக்கு, பத்தினி பாகத்தில் அவர் கேட்டதைவிட இது அதிகம். ஆகவே வழக்கத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கு முன் சட்டக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இஸ்லாமியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பிறப்புரிமை என்பதே இல்லை. பெரியவர் இறந்தபின்தான் பங்கு. 1937இன் ஷரியத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது என்றாலும், சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. நம் பக்கத்து ராவுத்தர் குடும்பத்தின் வயலும் ஷரியத்படியே பிரியும். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன் மகள் என்ற பேதமில்லாமல் சமம். மதம் மாறியவரின் பங்கு போய்விடாது. ஆனால் அவர் மதம் மாறியபின் பிறந்த பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வழக்கத்துக்கு ஓர் இடம் மிச்சமிருக்கிறது. வயது வந்த பங்குதாரர்கள் மனமொத்துச் சட்டப் பங்கைவிடக் கூடவோ குறையவோ எடுத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. தங்கைகளும் தம்பிகளும் சம்மதித்தால் பத்தினி பாகமாகவே பத்திரம் எழுதலாம். பிணக்கு வந்தபின் அதே வழக்கம் கோர்ட்டில் ஒரு காசு பெறாது. கையெழுத்து இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு வழிகளையும் நான் ஐந்து கேள்விகளில் நிறுத்திப் பார்க்கிறேன். எல்லா வாரிசும் கையெழுத்துப் போடுவார்களா? பிரிவினை அடுத்த தலைமுறையிலும் நிற்குமா, அதாவது வங்கியும் வாங்க வருபவரின் வக்கீலும் ஏற்பார்களா? வெளியே தெரியும் செலவு எவ்வளவு, தெரியாத செலவு எவ்வளவு? எவ்வளவு காலம் பிடிக்கும்? கடைசியாக, பிரிந்தபின் ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு இன்னொரு வீட்டார் செய்முறையோடு வருவார்களா? இந்த ஐந்தாவதை வக்கீல்கள் கேட்பதில்லை. நம் ஊரில் பலர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

## வழி 1: ஊர்ப் பெரியவர்கள் முன் கூர்ச்சீட்டு

பங்காளிகள், தாய்மாமன், மேலூர்ப் பக்கமானால் அம்பலக்காரர் என நாலு பேர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்த வயல் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. மூத்தவர் கூறு போட இளையவர் முதலில் எடுப்பது, ஒத்துவராவிட்டால் திருவுளச் சீட்டுப் போடுவது போன்ற முறைகளில் நல்ல புத்தி இருக்கிறது. கூறு போடுகிறவருக்குக் கடைசிக் கூறுதான் கிடைக்கும் என்றால் அவர் நேர்மையாகத்தான் போடுவார். எந்த வக்கீல் நோட்டீசும் இதைவிட ஒழுங்காகக் கூறு போடவைத்ததில்லை.

சட்டத்தின் பார்வை விநோதமானது. வாய்மொழியாகப் பிரிந்துகொள்வது செல்லும். ஏற்கெனவே பிரிந்துகொண்டதை நினைவுக்காகக் குறித்துவைத்த சீட்டுக்குப் பதிவு தேவையில்லை என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் "இன்று முதல் இந்தச் சீட்டின் மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால், உரிமையைச் சீட்டே உண்டாக்குகிறது. அதைப் பதிய வேண்டும். கிராமத்துக் கூர்ச்சீட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவருக்கு வித்தியாசம் தெரியாது, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நன்றாகத் தெரியும்.

மறைச்செலவு இங்கேதான் அதிகம். முத்திரை குறைந்த சீட்டைச் சான்றாகக் காட்டப் போனால், குறைந்த தீர்வையோடு அதன் பத்து மடங்குவரை அபராதம் கட்ட நேரலாம். வில்லங்கச் சான்றில் இது வராது. வங்கி கடன் தராது. பட்டா கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும். ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு விற்க நினைத்தால் மற்ற எல்லோர் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பெரும்பாலான கூர்ச்சீட்டுகளில் பெண்களின் கையெழுத்தே இருக்காது. 2004க்கு முன் பதிவில்லாமல் பிரிந்தவர்கள், தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி ரசீது போன்ற அரசு ஆவணங்களோடு நிரூபித்தாலொழிய, அந்தப் பிரிவினையைக் காட்டி இன்று சகோதரியின் பங்கை மறுக்க முடியாது.

பஞ்சாயத்தில் பேசுவது வேறு, கட்டப் பஞ்சாயத்து வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். அபராதம் போடுவது, ஊரைவிட்டு ஒதுக்குவது, கோயில் வரி வாங்க மறுப்பது எல்லாம் சட்டவிரோதம். அப்படி வாங்கிய கையெழுத்தும் நிற்காது.

தாய் உயிரோடு இருந்து, யாரும் உடனே விற்கப் போவதில்லை, ஓரிரண்டு போகம் தனித்தனியே பயிர் வைத்துப் பார்ப்போம் என்றால் கூர்ச்சீட்டு பொருத்தமே. பதிவுக்கு முந்தைய ஒத்திகையாக மட்டும்.

## வழி 2: பதிவுப் பத்திரம்

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதற்குள்ளேயே இரண்டு உண்டு: பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம். நம் பக்கம் விடுதலைப் பத்திரத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம் என்பது என் கருத்து.

குடும்பத்தாருக்குள் என்றால் இரண்டுக்கும் கட்டணம் குறைவு. 2023 ஜூலை உயர்வுக்குப் பின், முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. கிரயப் பத்திரமானால் தீர்வை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் இது சலுகைதான். ஆனால் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் யார் யார் வருகிறார்கள் என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று கிளை விரிந்திருந்தால் செலவு ஏறலாம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பதியும் நாளின் விகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சென்ட் கணக்கு சுலபம். சண்டை வருவது சென்டுக்கு வெளியே. ஒரு நல்ல பத்திரத்தின் 'பி' ஷெட்யூலில், அதாவது ஒருவர் பங்குக்கு வந்த சொத்தின் விவரப் பட்டியலில், சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் எழுதியபின், கீழே இப்படி ஒரு வரி இருக்கும்: "மேற்படி கிணற்றிலும் மின்மோட்டார், பம்புசெட், மின் இணைப்பிலும் பொதுவில் நாலில் ஒரு பாகமும், முறைப்படி தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், வடபுறம் உள்ள மாமூல் வண்டிப்பாதை பாத்தியமும் சேர்ந்தது." இந்த ஒரு வரி விடுபட்டுப்போனால், உள்வயல்காரருக்கு அறுப்பு இயந்திரம் இறக்க வழியிருக்காது. கிணறு யார் கூறில் விழுகிறதோ அவர் கோபம் வந்த அன்று மோட்டார் அறையைப் பூட்டிவிடலாம். இலவச மின்சார இணைப்பு இறந்தவர் பெயரிலேயே கிடந்தால் அதை யார் பெயருக்கு மாற்றுவது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

சென்டும் சென்டும் சமமல்ல. நான்குவழிச் சாலையைத் தொட்ட 50 சென்ட், உள்ளே கிடக்கும் இரண்டு ஏக்கரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாய்க்கால் பாயும் நஞ்சையும் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து வானம் பார்த்த புஞ்சையும் ஒரே தராசில் நிற்காது. சாலையோரம் எடுப்பவர் மற்றவர்களுக்கு ரொக்கம் கொடுத்துச் சமன் செய்வதும், அதைப் பத்திரத்திலேயே தொகையோடு எழுதுவதும்தான் முறை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொன்ன தொகை வந்து சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மதுரை நகருக்குள் மாசி வீதி, ஆவணி மூலவீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். பத்தடி அகலமும் கடைசிவரை நீளமுமான வீட்டை நான்காக வெட்டினால் யாருக்கும் உதவாது. முன்கட்டில் கடை வாடகை வந்துகொண்டிருந்தால் அதை விட்டுக்கொடுக்கவும் ஆள் இருக்காது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பதே வழி. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சேர்ந்து வாரிசாக வந்தவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், வெளியாருக்குப் போகுமுன் மற்ற முதல்வகுப்பு வாரிசுகளுக்கு (மனைவி, பிள்ளைகள் போன்றவர்களுக்கு) அதை வாங்க முன்னுரிமை உண்டு. இதைத் தெரிந்து வைத்திருப்பது பேச்சில் கை கொடுக்கும்.

இனி விடுதலைப் பத்திரம். சகோதரிகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். மனமறிந்து, தொகை வாங்கிக்கொண்டு கொடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. குலதெய்வக் கும்பிடுக்கு ஊருக்கு வந்தவரை, பொங்கல் இறக்கிய கையோடு பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், "ஒரு கையெழுத்துதான் அக்கா" என்று வாங்குவதைத்தான் சொல்கிறேன். பதிந்த விடுதலையை மீட்பது மிகக் கடினம். மோசடி, வற்புறுத்தல் என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில். தந்தை உயிரோடு இருக்கும்போதே அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளிடம் முன்கூட்டி விடுதலை எழுதி வாங்குவதும் நடக்கிறது. இன்னும் வராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பதே பொது விதி, அந்தத் தாளை நம்பி யாரும் வீடு கட்ட வேண்டாம். சீர் வாங்கியது பங்கைத் தீர்த்துவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று குடும்பம் நினைத்தால் அதற்கும் பாகப்பிரிவினைப் பத்திரமே இடம்: மகளுக்குக் குறைவாகவேனும் ஒரு பங்கு எழுதி அவரையும் ஒரு தரப்பாக்குங்கள்.

வாரிசுச் சான்றில் உள்ள ஒருவர் விடுபட்டாலும் பத்திரம் நொண்டும். இறந்துபோன மகனின் மனைவி, வெளிநாட்டில் இருப்பவர், பேச்சுவார்த்தை இல்லாதவர் எல்லோரும் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பங்கு இருந்தால் கூடுதல் கவனம். பாதுகாவலர் அவன் பங்கை விட்டுக்கொடுத்திருந்தால், வயது வந்தபின் மூன்று ஆண்டுக்குள் அவன் அதை எதிர்த்து வரலாம்.

## வழி 3: சமரச மையம், மக்கள் நீதிமன்றம்

நம் ஆட்கள் அதிகம் அறியாத வழி. சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005இல் தொடங்கியது. மதுரையிலும் அது நடக்கிறது. வழக்குப் போட்டபின் நீதிமன்றமே அங்கே அனுப்பலாம். வழக்கே போடாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா குழுவிலோ மனுக் கொடுத்தும் பேச்சைத் தொடங்கலாம்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், நடுவில் உட்காருபவர் உங்கள் பங்காளியும் அல்ல, சம்பந்தியும் அல்ல. தங்கை தனியாகப் பேச வேண்டும் என்றால் தனியாகப் பேசவிடுவார். ஊர் மந்தையில் அது நடக்காது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அதன் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லை என்பதை வரமாகவும் பார்க்கலாம், ஆபத்தாகவும் பார்க்கலாம். கையெழுத்துக்கு முன் புல வரைபடத்தை விரித்துவைத்துப் படியுங்கள்.

மறைச்செலவு என்றால், இழுத்தடிக்க நினைப்பவர் இங்கேயும் இழுத்தடிப்பார். வராதவரைக் கட்டாயப்படுத்தி ஒப்பவைக்க முடியாது. முடிந்த உத்தரவைப் பதிவு அலுவலகத்திலும் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் தெரியாது, பட்டா மாற்றத்திலும் சுணங்கும். முகம் பார்க்க மறுத்தாலும், பங்கு உண்டு என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, எவ்வளவு எங்கே என்பதில் மட்டும் முரண்படும் குடும்பத்துக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

## வழி 4: பாகப்பிரிவினை வழக்கு

வழக்குப் போட்டால் குடும்ப மானம் போய்விடும் என்பதை நான் ஏற்பதில்லை. பங்கே இல்லை என்று மறுக்கப்பட்டவர், யாரோ ஒருவர் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டவர், சம்மதத்துக்காகக் காத்திருந்தால் இழப்பு அவருக்குத்தான். கூட்டுச் சொத்திலிருந்து தாம் ஒதுக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற காலவரையறையும் இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றால், வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்.

ஆனால் பாதை நீளம். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பாகம் என்று மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து வரப்பில் சங்கிலி பிடிப்பது, அவர் அறிக்கைக்கு ஆட்சேபம், ஆட்சேபத்துக்குப் பதில். அதன்பின் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, இன்னும் ஒரு மனுப் போட்டு உடைமை எடுக்க வேண்டும். நடுவில் மேல்முறையீடுகள் வேறு. வெட்ட முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சிவகங்கை ஜமீன் வழக்கில் ஜமீன்தார் இறந்தது 1829இல். சுயமாக அடைந்த சொத்து சகோதரன் வழிக்குப் போகாது, விதவைக்கே என்று பிரிவி கவுன்சில் முடித்தது 1863இல். இன்றைய வழக்குகள் அவ்வளவு நீளாவிட்டாலும், வாதியாகப் பிராதில் (வழக்கு மனுவில்) கையெழுத்திட்டவர் இறந்து அவர் வாரிசுகளைச் சேர்க்கும் மனுவை மதுரைக் கோர்ட்டுகளில் பார்ப்பது அரிதல்ல.

கோர்ட் கட்டணம் எப்போதும் பெரிதல்ல. தாமும் கூட்டு உடைமையில் இருப்பதாகக் கேட்டால் சிறிய நிலையான கட்டணம்; உடைமையிலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் பங்கின் சந்தை மதிப்பைப் பொறுத்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம். உண்மையான செலவு வாய்தா நாட்களில் போகும் கூலியும், தரிசாகக் கிடக்கும் வயலும், கடன் வாங்க முடியாத பட்டாவும்தான்.

## ஒரே பார்வையில்

| | கூர்ச்சீட்டு | பதிவுப் பத்திரம் | சமரசம், மக்கள் நீதிமன்றம் | வழக்கு |
|---|---|---|---|---|
| எல்லோர் சம்மதமும் | வேண்டும் | கட்டாயம் வேண்டும் | முடிவில் வேண்டும் | வேண்டாம் |
| வழக்கப்படிப் பிரிக்கலாமா | ஆம் | ஆம், கையெழுத்து இருந்தால் | ஆம், ஒப்பினால் | இல்லை, சட்டப் பங்கு மட்டும் |
| தெரியும் செலவு | மிகக் குறைவு | தீர்வை, பதிவுக் கட்டணம் | ஏறக்குறைய இல்லை | கோர்ட் கட்டணம், வக்கீல் |
| தெரியாத செலவு | கடன் இல்லை, விற்பனை இல்லை, அபராதம் | விட்டுப்போன பாதை, கிணறு, வாரிசு | இழுத்தடிப்பு, மேல்முறையீடின்மை | காலம், தரிசு, உறவு |
| நிலைப்பு | பலவீனம் | மிக உறுதி | உறுதி | உறுதி, ஆனால் தாமதம் |

## என் தேர்வு

மேலூர்க் குடும்பத்தில் மகளுக்குப் பங்குண்டு என்பதை மூவரும் ஒத்துக்கொண்டால் வழி 2, அதுவும் பாகப்பிரிவினைப் பத்திரம். மூத்தவருக்குச் சாலையோரம், ரொக்கச் சமன், தாய்க்கு வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை என்று பேசி முடிக்கலாம். பத்தினியா புத்திரரா என்பதில் மட்டும் தகராறு என்றால் வழி 3. அங்கே சட்டக் கணக்கு மேசைமேல் வந்தவுடன் 250க்கும் 120க்கும் நடுவே எங்காவது ஓரிடத்தில் மூத்தவர் இறங்கி வருவார். மகளுக்குக் கிடையாது என்று ஒருவர் அழுத்தமாக நின்றால், நோட்டீஸ் அனுப்பி வழக்கைப் போட்டுவிட்டு, முதல் வாய்தாவிலேயே சமரச மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து நடத்துவதில் தடையேதும் இல்லை. வழக்கு எண் கையில் இருக்கும்போது பேச்சு சுருங்குகிறது. கூர்ச்சீட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி யாருக்கும் நான் சொல்வதில்லை.

## பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால்

நிலைமை மிகச் சுலபம். சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதலாம். பூர்வீகத்தில் தம் கூறை மட்டும். இஸ்லாமியரானால் உயிலில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாது.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்ட் என்றால், பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். பிறகு மகன் சோறு போடவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்துக் கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் அந்த வேலை எளிது. உயில் அவர் காலம்வரை கையில் இருக்கும், மாற்றி எழுதலாம், செலவும் குறைவு. பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். எழுதுபவரின் வயதொத்த நண்பர்களையே இருவராகப் போட்டுவிடாமல், சொத்தில் சம்பந்தமில்லாத, நாற்பது வயதுக்குள் உள்ள இருவரைச் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள்.